கபடிப் பிள்ளைகளுக்குப் பல் காப்பு எங்கே செய்து தருவார்கள்?

வணக்கம். கண்டனூர்ப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கபடி பழக்குகிறேன். போன வாரம் ஒரு பையனுக்கு எதிராளியின் முழங்கால் பட்டு, மேல்வரிசை முன்பல் வேரோடு செம்மண்ணில் விழுந்தது. பதற்றத்தில் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றோம். காரைக்குடி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். பல் காய்ந்துவிட்டது.

வேரைத் தொடாமல் எடுத்து, தண்ணீரில் லேசாக அலசி, உடனே குழியில் வைத்திருக்க வேண்டுமாம். முடியாவிட்டால் பாலில் போட்டு அரை மணி நேரத்துக்குள் கொண்டுபோயிருக்க வேண்டுமாம். (பால்பல்லை மட்டும் திரும்ப வைக்கக் கூடாது.) மைதானத்துக்கு எதிரிலேயே டீக்கடை இருந்தது. அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இனி பல் காப்பு இல்லாமல் யாரையும் களத்தில் இறக்க மாட்டேன். வெந்நீரில் இளக்கிக் கடித்துக்கொள்ளும் வகையை வாங்கிப் பார்த்தோம். தடிமனாக இருக்கிறது. பாடிப் போகிறவனுக்கு நாலாவது ‘கபடி’யிலேயே எச்சில் வழிந்து பாட்டு குழறுகிறது. பாட்டு விட்டால் அவன் அவுட். மூச்சும் முட்டுகிறது என்கிறான்.

பல்லை அச்செடுத்து, அளவாகச் செய்து தரும் பல் மருத்துவர் காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் இருக்கிறாரா? ஒன்றுக்கு என்ன செலவாகும்? மொத்தம் 14 பேர், ஒருவன் பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறான். வளர்கிற வயது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்? போட்டுக்கொண்டு பாடிப் பழகியவர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள். இரண்டு பிள்ளைகள் கடைவாய்ச் சொத்தையோடு சரியாகச் சாப்பிடாமலே ஓட வருகிறார்கள், அவர்களையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.