கடப்பாரை எங்கே நிற்கிறது? குமரி மாவட்ட மேட்டு நிலத்து மெல்லிய மண்: நம் அனுபவங்கள்

பத்துகாணி, ரப்பர் விவசாயி:

நிலம் பார்க்கப் போகிறவருக்குத் தரகர் காட்டுவது எப்போதும் சரிவின் அடிவாரத்தைத்தான். மேலிருந்து மழை இறக்கிய மண் அங்கே ஆள் ஆழத்துக்குக் கிடக்கும், நிறமும் செக்கச்செவேல் என்று இருக்கும். அதே நிலத்தின் தலைமாட்டில் ஏறி மண்வெட்டியைப் போட்டால் ஒரு சாணில் கல் தட்டும். ரப்பர் கன்றுக்கு நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் முக்கால் மீட்டர் குழி என்பது வழக்கம். எங்கள் மேட்டில் பல குழிகள் முழங்கால் அளவைத் தாண்டவில்லை. மெல்லிய மண்ணில் பயிர் செய்தவர்கள், இங்கேயோ வெளியூரிலோ, கண்டதை எழுதுங்கள். தொழு உரம் போடச் சொல்லும் அறிவுரை மட்டும் வேண்டாம். அதை ஊரில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

திருவட்டார், மரச்சீனி (மரவள்ளி), கொல்லா (முந்திரி) மரம்:

மண்ணின் ஆழத்தை மரச்சீனியே சொல்லிவிடும். ஆழமுள்ள இடத்தில் கிழங்கு நேராக இறங்கும். கல் கிடக்கும் இடத்தில் பிடுங்கினால் கிழங்கு குட்டையாகவும் ஒருபக்கம் தட்டையாகவும் வரும். எங்கள் மேட்டில் மண்ணைக் கூட்டி மேடு கட்டித்தான் கம்பு நடுகிறோம்.

இன்னொன்றை 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் காட்டியது. அடிவாரத்தில் நின்ற ரப்பர் மரங்களில் பல நடுத்தண்டில் முறிந்தன. மேட்டில் நின்றவை முறியவில்லை, வேரோடு கவிழ்ந்தன. கவிழ்ந்த வேர் அகலமாகப் பரந்திருந்ததே தவிர ஆழம் இல்லை. அது பெயர்ந்த இடத்தில் பாறை கழுவியதுபோல் தெரிந்தது. அந்த மேட்டில் இப்போது கொல்லாதான் நிற்கிறது.

குழித்துறை, சாலைப் பணியில் ஓய்வு பெற்றவர்:

நான் வேலை பார்த்தது மிசோரத்தில். ஐசாலுக்குத் தெற்கே மலையை வெட்டிச் சாலை போடும் பணி. அந்த மலைகள் நம் ஊர் மலைகளைப் போன்றவை அல்ல. மணற்கல், களிப்பாறை, இரண்டுக்கும் நடுவே வண்டற்கல் என்று அடுக்கடுக்காகப் படிந்து இறுகியவை. வண்டற்கல் என்றால் மணலைவிட நுண்ணிய, களியைவிடச் சற்றுப் பருத்த துகள் படிந்து கல்லானது. புதிதாக வெட்டும்போது சாம்பல் நிறத்தில் இருக்கும், சுத்தியலுக்கும் எதிர்த்து நிற்கும். 'இது கல், தாங்கும்' என்று புதிதாக வந்த பொறியாளர்கள் ஓரத்தில் குவித்து வைப்பார்கள். வெயிலில் காய்ந்து மழையில் நனைந்து மறுபடியும் காய்ந்தால் அது கூரிய சில்லுகளாக உதிரும். இரும்புச்சத்து துருவேறி நிறம் பழுப்பாகும். ஒரு மழைக்காலம் போதும், குவியலின் மேல்புறம் சேறாகிவிடும்.

அந்த மலை முகட்டு மண்ணும் அப்படித்தான் உண்டாகிறது. மேலே மெல்லிய பழுப்பு மண், கீழே போகப் போகச் சில்லு கூடிக்கொண்டே வரும், பிறகு சில்லே அதிகம், அதற்கும் கீழே விரிசல் விட்ட கல். மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவே கோடு கிழிக்க முடியாது. கையில் நனைத்துத் தேய்த்தால் முகப்பவுடர்போல வழுவழுப்பாக இருக்கும். மணல்போல் நெருடாது, களிபோல் ஒட்டவும் செய்யாது. ஈர மண்ணை விரல்களுக்கு நடுவே நாடாவாக அழுத்தினால் சிறிது நீளத்திலேயே அறுந்துவிடும்.

ஆபத்து அந்த வழுவழுப்பில்தான் இருக்கிறது. மணல் கனத்தால் தங்கும், களி ஒட்டிக்கொண்டு தங்கும். வண்டல் துகளுக்கு இரண்டும் இல்லை; நீர் ஓடினால் கூடவே போகும். மழைத்துளி விழுந்து துளைகள் அடைபட்டு மேலே ஓடு கட்டும், அதன்பின் பெய்வது உள்ளே இறங்காது. காட்டை வெட்டி எரித்து மலை நெல் விதைக்கும் சரிவுகளில், பயிர் தரையை மூடுவதற்கு முன் பெருமழை வந்துவிட்டால், நெல்லடியில் சில்லுகள் மட்டும் மிஞ்சி நிற்பதைக் கண்டிருக்கிறேன். அடுக்குகள் சாலைப் பக்கம் சாய்ந்திருந்தால் மண்ணோடு கல்லும் சேர்ந்து இறங்கும். இரவு வண்டிகளை அந்த இடங்களில் நிறுத்த விடமாட்டோம்.

பத்துகாணி:

அண்ணாச்சி, நம் மேட்டிலும் மண்ணுக்கு அடியில் உதிர்கிற கல்தான் இருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றுதானா?

குழித்துறை:

ஒன்றல்ல. அங்கே வண்டல் கல்லாகி மறுபடியும் வண்டலாகிறது; துகளின் அளவு ஏறக்குறைய அப்படியே திரும்பி வருகிறது. நம் மலை கோண்டலைட், சார்னோக்கைட், நைஸ் வகை. வெப்பத்திலும் அழுத்தத்திலும் படிகமான பழம்பாறை. அது மக்கும்போது அதிலுள்ள கனிமங்களில் பெல்ஸ்பார் வெள்ளைக் களியாக மாறுகிறது, குவார்ட்ஸ் மணலாக நிற்கிறது, கார்னெட் துருப்பிடிக்கிறது. நம் மலைப்பாதையில் சாலைக்காக வெட்டிய கரையைப் பாருங்கள்: பாறையின் வரிகள் அப்படியே தெரியும், கையால் கிள்ளினால் உதிரும். இப்படி மக்கி உதிரும் பாறையைத்தான் சுக்கான் பாறை என்கிறோம்; அது எவ்வளவு ஆழம் என்பதே உங்களுக்குக் கேள்வி. மேல்மண் ஒரு சாணாக இருந்தாலும் சுக்கானில் வேர் போகும். அடியில் கரும்பாறை என்றால் போகாது.

தோவாளை, மண் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர்:

அண்ணாச்சி சொன்னதோடு ஒரு கணக்கையும் சேர்க்கிறேன். பாறை 50 செ.மீ.க்குள் வந்தால் மண் வகைப்பாட்டில் அது ஆழமற்ற மண். 40 செ.மீ. ஆழம், அதில் 40 சதவீதம் கல் என்று வைத்துக்கொள்வோம். வேருக்கு உண்மையில் கிடைப்பது 24 செ.மீ. மண். வண்டல் மிகுந்த மண் செ.மீ.க்குச் சுமார் 2 மி.மீ. நீரைப் பயிருக்குத் தரும். ஆக 48 மி.மீ. ஒரு நாளைக்கு 5 மி.மீ. செலவு என்றால் பத்து நாள்கூடத் தாங்காது. மணல் கலந்த மண்ணாக இருந்தால் அதில் பாதிதான். ஆரல்வாய்மொழிக் காற்று அடிக்கும் எங்கள் பக்கத்தில் அதுவும் முன்னதாகவே தீரும். மறுபக்கம் பாருங்கள், ஒரே நாளில் 100 மி.மீ. பெய்தால் 48க்கு மேற்பட்டதெல்லாம் விரிசலில் இறங்க வேண்டும் அல்லது சரிவில் ஓட வேண்டும். ஒரே மேட்டில் மழையன்று வெள்ளமும் இரண்டு வாரத்தில் வாட்டமும் வருவது இதனால்தான்.

உங்கள் மண் எந்த வகை என்று வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடிப் பாட்டிலில் சலித்த மண்ணும் நீரும் விட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் அமரும். வண்டலுக்கு ஓரிரு மணி நேரம் ஆகும். மறுநாளும் கலங்கலாக நிற்பது களி.

மணவாளக்குறிச்சி:

மலையில் மண் நிற்காமல் போகிறது என்று நீங்கள் வருந்துகிறீர்கள். எங்கள் கடற்கரையின் கருமணலிலும் செம்மணலிலும் இருக்கும் இல்மனைட், கார்னெட், மோனசைட் ஆகிய கனிமங்கள் எல்லாம் அப்படிப்பட்ட பழம்பாறைகள் மக்கி வந்தவைதான். மலை இழப்பது இங்கே சுரங்கத் தொழில். நடுவில் ஒன்றும் பேசாமல் போக மனம் வரவில்லை.

பேச்சிப்பாறை பக்கம்:

கரும்பாறையில் வெடி வைத்துக் குழி ஆழப்படுத்தும் யோசனை யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள். எங்கள் பக்கத்து நிலத்தில் செய்தார்கள். விரிசல் இல்லாத பாறையில் குழி என்பது தொட்டி. மழையில் நிறைந்து வடியாமல் நின்றது, கன்றுகளின் வேர் அழுகியது. அதற்குப் பதில் சம உயர வரிசையில் கல் வரப்பு கட்டி, மேலிருந்து வரும் மண்ணைப் பிடித்து வையுங்கள். களை என்று தரையை முழுக்கச் செதுக்காதீர்கள். ரப்பருக்கு நடுவே பியூரேரியாக் கொடியைப் படர விட்டால் தரை மூடியே இருக்கும்.

பத்துகாணி:

எல்லோருக்கும் நன்றி. இந்த வாரம் மேடு முழுவதும் கடப்பாரை போட்டுப் பார்த்தோம். சுக்கானில் இரண்டு முழம் இறங்கிய இடங்களில் சுண்ணாம்புப் பொட்டு வைத்திருக்கிறோம், அங்கே ரப்பர். 'ணங்' என்று நின்ற இடங்களில் குழி இல்லை, கல் வரப்பு மட்டும். விரிசல் தெரியும் ஓரத்தில் கொல்லா வைக்கலாமா என்று யோசனை. திருவட்டார் அக்கா, ஒட்டுக்கன்று வைத்தீர்களா, விதை போட்டீர்களா?

திருவட்டார்:

மேட்டில் விதையை நேரே ஊன்றினோம், தம்பி. பையில் வளர்ந்த கன்றுக்கு ஆணிவேர் சுருண்டிருக்கும். பாறைச் சந்தைத் தேடிப் போகாது. பிடித்த பிறகு அங்கேயே ஒட்டுக் கட்டிக்கொள்ளலாம்.