‘கேரியர் சர்வீசஸ்’: தமிழில் எப்படிச் சொல்வது? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

குழுவினருக்கு வணக்கம்.

கியூபா மீதான அமெரிக்கப் பொருளாதாரத் தடை பற்றிய பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். 1963-இல் வந்த விதிகள், இன்னும் நடப்பில் உள்ளவை. அவற்றில் ‘கேரியர் சர்வீசஸ்’ வேறு, ‘டிராவல் சர்வீசஸ்’ வேறு. முதலாவது, விமானத்திலோ கப்பலிலோ ஆளையும் சரக்கையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது. மற்றது சீட்டுப் பதிவு, பயண ஏற்பாடு. இரண்டுக்கும் ‘போக்குவரத்துச் சேவை’ என்று போட்டேன். வாசித்தால் எனக்கே குழம்புகிறது. ‘விமானச் சேவை’ என்றும் சுருக்க முடியாது. 2016-இல் வழக்கமான விமானங்கள் மீண்டும் தொடங்கின. 2019 ஜூனில் உல்லாசக் கப்பல்களை நிறுத்தினார்கள். சொல் விமானம், கப்பல் இரண்டையும் தாங்க வேண்டும்.

---

அம்மா, ‘உய்த்தல்’ இருக்கக் கவலை எதற்கு? கொண்டு செலுத்துதல் என்பதே அதன் பொருள். ‘உய்ப்புப் பணி’ என்க. செய்பவர் ‘உய்ப்புநர்’.

---

ஐயா, இயக்கு, ஓட்டு, பெறு என்று வினையடியோடுதான் ‘நர்’ சேரும். ‘உய்ப்பு’ தொழிற்பெயர். ‘உய்ப்புநர்’ சரி என்றால் ‘படிப்புநர்’ என்றும் எழுதலாமே. அடியோடு சேர்த்தால் ‘உய்நர்’ வரும், பிழைத்துக்கொண்டவர் என்றாகிவிடும். தடைச் சட்டத்தில் மாட்டாமல் தப்பியவருக்கு வேண்டுமானால் அதை வைத்துக்கொள்ளலாம்.

‘ஏற்றுநர்’ எப்படி?

---

‘ஏற்றுநர்’ என்றால் ஏற்றுமதியாளர் என்று படிப்பார்கள். கியூபாவுக்கு ஏற்றுமதி என்பது அங்கே தனி விதிக்கட்டு. வம்பு.

எனக்கு ‘கேரியர்’ கூடப் பரவாயில்லை. ‘தடை’தான் உறுத்துகிறது. பொருளாதாரத் தடை, பயணத் தடை, தடைசெய்யப்பட்ட பரிவர்த்தனை, எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லா? ஆங்கிலத்தில் நான்கைந்து சொற்கள் இருக்கின்றன. ‘சாங்ஷன்’ என்பதற்கு நம் ஆட்சித்தமிழில் ‘ஒப்பளிப்பு’, அதாவது அனுமதி, என்று பொருள். இங்கே அதற்கு நேரெதிர்!

அப்புறம் ‘ஜெனரல் லைசென்ஸ்’. ‘பொது உரிமம்’ என்று எழுதினால் மாணவர் விண்ணப்பப் படிவத்தைத் தேடுவார். அப்படி ஒரு தாளே கிடையாது. குடும்பத்தைப் பார்ப்பது, செய்தி சேகரிப்பது, சமயப் பணி என 12 வகைப் பயணம் உண்டு. நிபந்தனைக்குள் வந்தால் யாரிடமும் கேட்காமல் கிளம்பலாம், கணக்கு மட்டும் வைத்திருக்க வேண்டும். சுற்றுலா அதில் சேராது. 2000-இல் வந்த சட்டமே அந்த வழியை அடைத்துவிட்டது. கருவூலத் துறையிடம் எழுதிக் கேட்டு வாங்குவது ‘ஸ்பெசிபிக் லைசென்ஸ்’. அதை ‘தனி உரிமம்’ என்றும் முன்னதை ‘பொது இசைவு’ என்றும் பிரிக்கலாம்.

---

‘பொது இசைவு’ நன்று. ஆனால் மூலத்தில் ஒரே சொல் இருக்க, தமிழில் இரண்டாகப் பிரிப்பது சட்ட மொழிபெயர்ப்புக்கு ஆகாது.

கொண்டுசெல்வோருக்குப் பழஞ்சொல் ஒன்று உண்டு: ‘சாத்து’. வணிகக் கூட்டம். பட்டினப்பாலையில் சுங்கத்துக்கு ‘உல்கு’ என்றே வருகிறது. பண்டங்களில் புலி பொறித்துத்தான் வெளியே விட்டார்கள். பொருள் கடக்க இசைவு தரும் முத்திரை நமக்குப் புதிதா என்ன? அந்த ‘பொறி’யிலிருந்தே...

---

ஐயா, கதவைக்கூடத்தான் சாத்துகிறோம். தடைச் சட்டத்துக்கு அது பொருத்தம்தான் என்றாலும், நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை.

---

சரி, ‘ஏற்றுநர்’ வம்பு என்பதால் அதை ‘ஏற்றிச்செல் சேவை’ என்று மாற்றிக் கைகளை எண்ணிப் பார்த்தேன். அதற்கு நான்கு பேர், ‘உய்ப்புப் பணி’க்கு ஒருவர், ‘கேரியர்’ என்றே விடு என்பவர்கள் இரண்டு பேர். ‘ஏற்றிச்செல் சேவை’, ‘பயண ஏற்பாட்டுச் சேவை’ என்று எழுதுகிறேன். ‘பொது உரிமம்’ அப்படியே இருக்கட்டும். தாள் கிடையாது என்று அடிக்குறிப்பு போட்டுவிடுகிறேன்.

---

‘ஏற்றிச்செல் சேவை’யை வினைத்தொகையாகக் கொண்டால் செல்வது சேவையா, கப்பலா? தவிர, ‘சேவை’ வடசொல். ‘பணி’ என்றாவது மாற்றுங்கள். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

---

மன்னிக்கவும் ஐயா, அனுப்பிவிட்டேன்.