பி.பி. கஃப்: துடைத்தால் போதுமா, ஆளுக்கு ஒன்றா?

வார்டு_பொறுப்பு:
கிருமி பரவாமலிருக்க ஆளுக்கொரு கஃப் (பி.பி. பார்க்கக் கையில் சுற்றும் பட்டை) வேண்டும் என்ற வாதத்தை ஏற்கமாட்டேன். மருத்துவக் கருவிகளைத் தொற்று அபாயத்தின்படி ஸ்பால்டிங் 1968-ல் வகுத்த பிரிவுகளில் இது கடைசி, அபாயம் குறைந்த ரகம், காயமில்லாத தோலைத்தான் தொடுகிறது. ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் 70% ஆல்கஹாலால் துடைத்து, கையையும் சுத்தம் செய்தால் போதும்.

நுண்ணுயிர்_ஆய்வகம்:
அந்தப் பிரிவு தோலைப் பற்றிச் சொல்கிறது, சிஸ்டர். கையைப் பற்றிச் சொல்லவில்லை. கஃப்பைச் சுற்றிய அதே விரல்கள் அடுத்து நரம்பில் மருந்து ஏற்றும் ஐ.வி. கேனுலாவைத் தொடுகின்றன. எம்.ஆர்.எஸ்.ஏ., அசினெட்டோபாக்டர் போன்ற மருத்துவமனைத் தொற்றுக் கிருமிகள் உலர்ந்த பரப்பிலேயே வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். துணி கஃப் என்றால் துடைப்பதே வீண். ஆல்கஹால் உள்ளே உறிஞ்சப்பட்டுவிடும், மேல்பரப்பு தேவையான நேரம் ஈரமாக நிற்காது. வெல்க்ரோவின் கொக்கிகளுக்குள் நூலும் தோல் செதிலும் சிக்கியிருக்கும், அங்கே எந்த மருந்தும் சரியாக இறங்காது.

வார்டு_பொறுப்பு:
அப்படியானால் துணி கஃப்பை ஒழியுங்கள், துடைப்பதை ஏன் குறை சொல்கிறீர்கள்? நீர் உறிஞ்சாத பூச்சுப் போட்ட கஃப்பை உட்பக்கம், வெல்க்ரோ, குழாய், பல்ப், வால்வு என்று வரிசையாகத் துடைக்கலாம். அதிகம் கைபடுவது பல்ப்தான், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

நுண்ணுயிர்_ஆய்வகம்:
வரிசை சரி. ஆனால் சி.டிஃபிசில் என்ற குடல் கிருமியால் வயிற்றுப்போக்கு உள்ளவருக்கு ஆல்கஹால் உதவாது, அந்தக் கிருமியின் ஸ்போர்கள் (கடின உறைக்குள் உறங்கும் வடிவம்) சாகாது. குளோரின்தான் வேண்டும்: 5% ப்ளீச் 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு. கலந்தால் 5000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 5000 பங்கு) குளோரின். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். அழுக்கும் ரத்தமும் குளோரினைத் தின்றுவிடும், அதனால் முதலில் சோப்புநீர்த் துடைப்பு கட்டாயம்.

உபகரணப்_பிரிவு:
அந்தக் கரைசல் உலோக வால்வை அரிக்கும். ஊறவேண்டிய நேரம் முடிந்ததும் வெறும் தண்ணீரால் துடையுங்கள். ஆல்கஹால் நாளடைவில் ரப்பர் குழாயை வெடிக்க வைக்கும், வெடிப்பில் கிருமி தங்கும், காற்றும் கசியும். காற்றுப்பையைக் கழற்றாமல் கஃப்பை முக்கவே கூடாது. குழாய்க்குள் தண்ணீர் போனால் மானிட்டரின் பம்ப் கெடும்.

வார்டு_பொறுப்பு:
தனி அறை நோயாளிக்கும் ஐ.சி.யூ.வுக்கும் தனி கஃப், ஒப்புக்கொள்கிறேன். பொது வார்டில் வேண்டாம். கட்டிலுக்கு ஒன்று மாட்டினால் எல்லாம் ஒரே அளவாக இருக்கும். பருத்த கைக்குச் சிறிய கஃப் போட்டால் பி.பி. கூடுதலாகக் காட்டும், தேவையில்லாத மாத்திரை ஏறும். அதுவும் ஆபத்துதானே?

நுண்ணுயிர்_ஆய்வகம்:
நியாயமான கவலை. அதனால்தான் கஃப்பைக் கட்டிலுக்குத் தராமல் ஆளுக்குத் தரச் சொல்கிறேன். அட்மிஷனிலேயே மேல்கையின் நடுச்சுற்றளவை அளந்துவிடுங்கள். 22–26 செ.மீ. என்றால் சிறியது, 27–34 சாதாரணம், 35–44 பெரியது. டிஸ்சார்ஜ் வரை அது அவருடனேயே இருக்கட்டும்.

உபகரணப்_பிரிவு:
அப்போதும் மானிட்டரிலிருந்து வரும் நீளக் குழாயும் அதன் முனைக் கனெக்டரும் பொதுதான். கஃப் மாறும் ஒவ்வொரு முறையும் கை படுவது அங்கேதான். தனி கஃப் வாங்கிய வார்டுகள் துடைக்கத் தவறுவது அந்த முனையையும் மானிட்டர் பொத்தான்களையும்தான்.