ஆறாம் நம்பர் ரயிலில் இறங்காமல் உட்கார்ந்தால்

குழு: நம்ம வீட்டு ஆட்கள்

கார்த்திக்: (வீடியோ)
சித்தப்பா, இது உங்களுக்குத்தான். நியூயார்க் சிட்டி ஹால் சுரங்க ஸ்டேஷன். 1945 டிசம்பர் 31-இல் மூடியது. ஓடும் ரயிலில் இருந்து எடுத்தேன்.

லதா அத்தை: பாதி இருட்டு. ஆனால் அந்தக் கூரை, கோயில் மண்டபம் மாதிரி!

கார்த்திக்: ஓடு பதித்த வளைவுகள் அத்தை. பித்தளைச் சரவிளக்கு, வண்ணக் கண்ணாடி எல்லாம் உண்டு. 1904-இல் முதல் ரயில் கிளம்பிய இடம், அதனால் காசை இறைத்துக் கட்டினார்கள்.

அம்மா: ஆள் இல்லாத இடத்தில் உனக்கு என்ன வேலை?

கார்த்திக்: இறங்கவே இல்லை அம்மா. ஆறாம் நம்பர் ரயிலுக்குக் கடைசி ஸ்டேஷன் புரூக்ளின் பிரிட்ஜ். அங்கே இறங்காமல் உட்கார்ந்திருந்தால், இதன் வழியாகச் சுற்றி எதிர்ப் பிளாட்பாரத்துக்கு வந்துவிடும்.

சித்தப்பா: லூப் போட்டிருக்கிறான்! டிரைவர் அடுத்த கோடிக்கு நடக்கவும் வேண்டாம். சரி, பிளாட்பாரம் ஏன் இப்படி வளைகிறது? நடுக்கதவு வைத்த பெட்டி நின்றால் காலை எங்கே வைப்பது?

கார்த்திக்: அதேதான் சித்தப்பா. முதலில் பெட்டிகளுக்குக் கோடியில்தான் கதவு. பின்னால் நடுக்கதவு வந்தது, ரயிலும் நீண்டது. வளைவில் பெட்டியின் நடுப்பகுதி விலகி நின்றதால் பெரிய இடைவெளி.

சித்தப்பா: பிளாட்பாரத்தை நீட்டியிருக்கலாமே?

கார்த்திக்: அந்த வளைவில் பெரிய செலவு. எக்ஸ்பிரஸ் எல்லாம் பக்கத்து புரூக்ளின் பிரிட்ஜில் நிற்கும்போது இங்கே யார் வருவார்கள்?
அப்புறம் ஒரு கூத்து. திறப்பு விழா அன்று மேயர் மெக்லெல்லன் ரயிலைக் கிளப்பிவிட்டுக் கைப்பிடியைத் தரவே இல்லை. 103-ஆம் தெரு வரை அவரே ஓட்டினார்!

சித்தப்பா: கூட இருந்தவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும். நம் ஊரில் மந்திரி கொடியசைப்பதோடு சரி, கும்பிடு.

லதா அத்தை: உள்ளே போய்ப் பார்க்க முடியாதா?

கார்த்திக்: முடியும். டிரான்சிட் மியூசியம் கூட்டிப் போகிறது, உறுப்பினர்களுக்கு மட்டும். சித்தப்பா வருவதற்குள் சேர்ந்துவிடுகிறேன்.

சித்தி: சேர்ந்துகொள், ஆனால் இவரைத் தனியே விடாதே. டேப்பை எடுத்து இடைவெளியை அளக்க ஆரம்பித்துவிடுவார்.

சித்தப்பா: டேப் பெட்டியில் வைத்தாயிற்று 😄