டிரம் இல்லாத பாய்லரை முதன்முதலில் பார்த்த நாள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

அனல் மின் நிலையத்தின் 210 மெகாவாட் யூனிட் ஒன்றில் பாய்லர் பக்கம் 28 வருடம் வேலை பார்த்தவன் நான். ஷிப்டில் போய் உட்கார்ந்ததும் கண் முதலில் தேடுவது டிரம் லெவலைத்தான், அதாவது தண்ணீரையும் நீராவியையும் பிரிக்கும் பாய்லர் கலத்தின் நீர்மட்டத்தை. தண்ணீர் மட்டம் இறங்கினால் குழாய்கள் காய்ந்துவிடும். ஏறினால் நீராவியோடு தண்ணீரும் டர்பைனுக்குப் போய்விடும். எந்தப் பக்கம் எல்லை தாண்டினாலும் யூனிட் டிரிப், தானாகவே நின்றுவிடும். தூக்கத்திலும் அந்த முள் கண்ணுக்குள் ஆடும்.

ஓய்வுக்கு முந்தைய வருடம் பயிற்சிக்காக 800 மெகாவாட் சூப்பர்கிரிட்டிகல் நிலையம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். கண்ட்ரோல் ரூமில் ஒவ்வொரு திரையாகப் பார்க்கிறேன், டிரம் லெவலைக் காணோம். "இதுல டிரம்மே கிடையாது சார்" என்றார் அங்கிருந்த இளம் பெண் பொறியாளர். வகுப்பில் படித்ததுதான். நேரில் பார்த்தபோது மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சூப்பர்கிரிட்டிகல் என்றால் இதுதான்: அழுத்தம் 221 பாரைத் தாண்டினால் தண்ணீர், நீராவி என்ற பேதமே போய்விடும். கொதித்துக் குமிழி விடும் கட்டம் வராது. பிரித்தெடுக்க எதுவும் இல்லாததால் டிரம்முக்கு வேலையில்லை. ஆனால் கையிருப்புத் தண்ணீரும் இல்லை. நிலக்கரிக்கும் பாய்லருக்குள் செலுத்தும் தண்ணீருக்கும் (ஃபீட் வாட்டர்) உள்ள விகிதம் கொஞ்சம் பிசகினாலும் குழாயின் சூடு உடனே ஏறும். அந்தப் பெண் ஷிப்ட் முழுக்க அந்த விகிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டிரம் இருந்தால் அதிலிருந்து அழுக்குத் தண்ணீரை வெளியேற்றுவோம் (ப்ளோடவுன்), இங்கே அதற்கும் வழியில்லை, அதனால் தண்ணீரின் சுத்தத்தில் சமரசமே கிடையாது.

இவ்வளவு பாடும் எதற்கு? ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோகலோரி. எங்கள் பழைய நிலையத்தில் அதைத் தயாரிக்க 2,450 கிலோகலோரி செலவாகும், அதாவது திறன் 35 சதவீதம். அங்கே 2,150 பக்கம், 40 சதவீதம். ஐந்துதானே என்று தோன்றும். கிலோவுக்கு 3,500 கிலோகலோரி தரும் நிலக்கரியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 800 மெகாவாட் முழு லோடில் ஓடினால் ஒரு நாளைக்கு மிச்சம் 1,600 டன்னுக்கு மேல், கிட்டத்தட்ட அரை ரேக், அதாவது அரை சரக்கு ரயில். அது எரியாவிட்டால் அதன் சாம்பலும் இல்லை, கரியமில வாயுவும் இல்லை. புகையைக் கழுவுவதற்கு முன்னால் கரியைக் குறைப்பதுதான் முதல் சுத்தம் என்பேன்.

*

அனுபவம் கேட்டீர்களே, என்னுடையதைச் சொல்கிறேன். நான் வேறொரு நிலையத்தில் ஈஎஸ்பி பராமரிப்பில் இருந்தேன். சாம்பல் துகளுக்கு மின்னூட்டம் கொடுத்துத் தகட்டில் ஒட்டவைத்து, சுத்தியலால் தட்டி, கீழே உள்ள ஹாப்பர் என்ற சாம்பல் தொட்டியில் விழவைக்கிற கருவி அது. நம் நாட்டு நிலக்கரியில் கந்தகம் குறைவு, சாம்பல் 35 முதல் 45 சதவீதம். கந்தகம் குறைந்தது காற்றுக்கு நல்லதுதான். ஆனால் அதனாலேயே சாம்பலின் மின்தடை ஏறி, துகள் எளிதில் பிடிபடாது. அப்புறம் ஹாப்பர் அடைத்துக்கொண்டால் சாம்பல் மேலேறி அந்த ஃபீல்டே, அதாவது கருவியின் அந்தப் பகுதியே, டிரிப் ஆகிவிடும். ஒருமுறை அப்படி இரண்டு ஃபீல்டு போய், சரிசெய்ய மூன்று நாள் ஆனது. மூன்றாம் நாள் காலையில் பக்கத்து ஊர் அம்மா ஒருவர் கொடியில் காயப்போட்ட குழந்தைத் துணியை நிலைய வாசலுக்கே கொண்டுவந்து காட்டினார். விரலால் தடவினால் சாம்பல் நிறக் கோடு. அதற்குப் பிறகு ஹாப்பர் ஹீட்டர் ஒன்று வேலை செய்யவில்லை என்றாலும் நான் ஷிப்டை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பியதில்லை.

*

நான் இன்னொருவன். மேலே சொன்னபடி கந்தகம் குறைவு என்பதால் விட்டுவிட முடியாது. 2015 டிசம்பரில் வந்த விதிப்படி புகையிலிருந்து கந்தக டை ஆக்சைடைப் பிடிக்கும் எஃப்ஜிடி கருவி எல்லா நிலையங்களுக்கும் வரும் என்று நம்பினேன். கெடு தள்ளிக்கொண்டே போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். சுண்ணாம்புக்கல் கரைசலில் வாயு கழுவப்பட்டு ஜிப்சமாகக் கொட்டுவதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். இந்த விலக்கு எனக்கு ஏற்புடையதாக இல்லை.

தூத்துக்குடி சோடா ஆஷ் (சலவை சோடா) ஆலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே நிலக்கரி பாய்லரின் புகையிலிருந்து வருடத்துக்கு 60,000 டன் வரை கரியமில வாயுவைப் பிடித்து உற்பத்திக்கே பயன்படுத்தும் அமைப்பை 2016இல் நிறுவினார்கள். மின் நிலையங்கள் விடும் அளவுக்கு முன்னால் இது சின்னதுதான், இருந்தாலும் நம் ஊரில் நடந்தது.

*

முதல் பதிவு போட்டவன்தான். பகலில் சோலார் மின்சாரம் ஏறும்போது அனல் நிலையங்களின் லோடைக் குறைக்கிறார்களே, அப்போது இந்தத் திறன் நிற்குமா என்று ஒருவர் தனியாகக் கேட்டார். நிற்காது. 55 சதவீதத்துக்கு இறக்கினால் அழுத்தமும் கூடவே இறங்கி, 221 பாருக்குக் கீழே போய்விடும். குழாய்க்குள் தண்ணீர் மறுபடி கொதிக்கும், ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் செலவாகும் வெப்பமும் (ஹீட் ரேட்) ஏறும். 800 மெகாவாட் போட்டாலும் அதை எப்படி ஓட்டுகிறோம் என்பதில்தான் மிச்சம் இருக்கிறது.

பயிற்சியின் கடைசி இரவு, நின்றுபோயிருந்த யூனிட்டை எழுப்பினார்கள். ஆரம்பத்தில் மட்டும் செப்பரேட்டர் என்ற கலத்தில் தண்ணீர் நிற்கும். அந்தப் பொறியாளர் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். "உங்க டிரம் லெவல் சார், லோடு ஏறுற வரைக்கும் பாத்துக்குங்க" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார். விடியற்காலை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.