சாங் காங்-ஹோ படங்களை எங்கிருந்து தொடங்குவது? பார்த்தவர்கள் எழுதுங்கள்

'பாரசைட்' பார்த்துவிட்டு "அந்த அப்பாவாக வருபவர் யார், வேறு எதில் நடித்திருக்கிறார்?" என்று கேட்பவர்களுக்காக இந்த இழை. அவர்தான் கொரிய நடிகர் சாங் காங்-ஹோ. படப் பட்டியல் எங்கும் கிடைக்கும். எந்தக் காட்சியில் அவர் திறமை தெரிகிறது, எதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம் என்பதை எழுதுங்கள். முடிவைச் சொல்ல வேண்டி வந்தால் முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள்.

*

'பாரசைட்'டிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டாம். 1997இல் வந்த 'நம்பர் 3' கிடைத்தால் அதில் தொடங்குங்கள். நாயகன் அவர் இல்லை, சில காட்சிகளில்தான் வருகிறார். ஆனால் கொரியா முழுக்க அவர் முகத்தை அறிந்துகொண்டது அந்தப் படத்தில்தான்.

மூன்று அடியாட்களை உட்காரவைத்து, பசியோடு போராடும் மன உறுதி பற்றிப் பாடம் எடுக்கும் ரவுடி வேடம். வெறும் ராமியோன் (கொரிய உடனடி நூடுல்ஸ்) தின்றே ஹியூன் ஜுங்-ஹ்வா ஓட்டப் பந்தயத்தில் தங்கம் வாங்கினாள் என்கிறார். ஓடியது இம் சுன்-ஏ; 1986 சியோல் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வாங்கியவர். ஹியூன் ஜுங்-ஹ்வாவோ மேசைப்பந்து வீராங்கனை. ஒரு பையன் அதைத் திருத்துகிறான், அடி விழுகிறது. அங்கே அவருடைய திக்குவாயைக் கவனியுங்கள். அது எல்லா வரியிலும் ஒரே அளவில் வராது. கோபம் ஏற ஏறத்தான் நாக்கு சிக்கும். நாக்கு சிக்குவதே இன்னும் கோபத்தைக் கிளப்பும். சிரிப்பும் பயமும் ஒன்றாக வருவது அதனால்தான்.

இது திரைப்படப் பள்ளியில் வந்த பழக்கம் இல்லை. 1967இல் கிம்ஹேயில் பிறந்தவர், நாடகத்தில் வளர்ந்தவர், சியோலின் யோனு நாடகக் குழுவில் இருந்தவர். சினிமாவில் முதலில் தலைகாட்டியது 1996இல், இயக்குநர் ஹோங் சாங்-சூவின் முதல் படத்தில், சிறு வேடத்தில்.

*

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்: டப்பிங்கில் பார்க்கவே பார்க்காதீர்கள். இவரைப் பொறுத்தவரை பாதி நடிப்பு குரலில் இருக்கிறது. 'ஜாயின்ட் செக்யூரிட்டி ஏரியா'வில் (2000) வடகொரியச் சார்ஜென்ட், அந்த ஊர்ப் பேச்சு. 'சீக்ரெட் சன்ஷைன்', 'தி அட்டர்னி' இரண்டிலும் தென்கிழக்குக் கொரியாவின் கியோங்சாங் வட்டாரப் பேச்சு, அது அவர் பிறந்த மண்ணின் பேச்சே. டப்பிங்கில் எல்லாம் ஒரே குரலாகத் தட்டையாகிவிடும்.

'ஜாயின்ட் செக்யூரிட்டி ஏரியா'வில் சோக்கோ பை (சாக்லேட் பூசிய தென்கொரியத் தின்பண்டம்) காட்சியை இரண்டு முறை பாருங்கள். வாய் நிறைய அதை அடைத்துக்கொண்டு சிரிக்கிறார். தெற்கே வந்துவிட்டால் இதை வயிறாரத் தின்னலாமே என்று தென்கொரிய வீரன் கேட்கிறான். சிரிப்பு அடங்குகிறது. வாயிலிருந்ததை உள்ளங்கையில் துப்புகிறார். எங்கள் குடியரசு ஒருநாள் இதைவிட நல்ல தின்பண்டம் செய்யும், அதுதான் என் கனவு என்கிறார். அதுவரை இதை ஏக்கத்தோடு பார்க்கத்தான் முடியும் என்று சொல்லி, துப்பியதை மறுபடி வாயில் போட்டுக்கொள்கிறார். நட்பு, எச்சரிக்கை, பசி மூன்றும் ஒரே கையசைவில் வந்துவிடுகின்றன. முதல் முறை கண் வசனவரியில் இருக்கும். இரண்டாம் முறைதான் அந்தக் கை தெரியும்.

*

புதிதாக வருபவர்களுக்கு 'நம்பர் 3' கடினம். அந்தக் காலத்துக் கொரியாவே தெரியாதவருக்குப் பாதி நகைச்சுவை எட்டாது. 'எ டாக்ஸி டிரைவர்' (2017) போதும். 1980இல் குவாங்ஜு நகரில் ராணுவ ஆட்சிக்கு எதிராக நடந்த மக்கள் எழுச்சியைப் படமெடுக்க வந்த ஜெர்மன் பத்திரிகையாளர் ஹின்ட்ஸ்பீட்டரை ஏற்றிச் சென்ற சியோல் டாக்ஸிக்காரர் கதை. சுன்சோனில் நூடுல்ஸ் சாப்பிடும் இடத்திலிருந்து, தனியாக வண்டி ஓட்டும்போது பாடிக்கொண்டே குரல் உடைந்து, வண்டியைக் குவாங்ஜுவுக்கே திருப்பும் இடம் வரை நிறுத்தாமல் பாருங்கள். முடிவெடுக்கிறேன் என்று வசனமே கிடையாது.

*

'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003) பற்றி யாரும் எழுதவில்லையே! முடிவு வருகிறது, பார்க்காதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிவிடுங்கள்.

ஆள் முகத்தைப் பார்த்தே குற்றவாளியைச் சொல்லிவிடுவேன் என்று நம்பும் கிராமத்து டிடெக்டிவ் வேடம். ஆரம்பத்தில் மேலதிகாரி ஒரு சோதனை வைக்கிறார். அங்கே உட்கார்ந்திருக்கும் இரண்டு இளைஞர்களில் ஒருவன் பலாத்காரம் செய்தவன், இன்னொருவன் அவனைப் பிடித்து வந்த, பாதிக்கப்பட்ட பெண்ணின் அண்ணன். யார் எவன்? காமிரா அவர் கண்ணைக் காட்டுகிறது. விடையைப் படம் சொல்வதே இல்லை. பலர் இந்த இடத்தைச் சாதாரணமாகக் கடந்துவிடுகிறார்கள். கடைசிக் காட்சியின் பலம் முழுக்க இங்கேதான் நடப்பட்டிருக்கிறது.

பல ஆண்டுகள் கழித்து, போலீஸ் வேலையை விட்டு விற்பனையாளராகிவிட்ட அதே மனிதர், முதல் பிணம் கிடந்த வாய்க்காலைக் குனிந்து பார்க்கிறார். ஒரு சிறுமி, இன்னொருவரும் வந்து பார்த்தார், சாதாரண முகம்தான் என்கிறாள். அவர் நிமிர்ந்து நேராக நம்மைப் பார்க்கிறார். உண்மைக் கொலையாளி திரையரங்கில் உட்கார்ந்திருக்கக்கூடும் என்ற எண்ணத்தில் இயக்குநர் போங் ஜூன்-ஹோ வைத்த பார்வை அது. படத்துக்கு அடிப்படையான, 1986 முதல் 1991 வரை நடந்த ஹ்வாசோங் தொடர்கொலைகளில் ஆள் யாரென்று டிஎன்ஏ மூலம் தெரிந்தது 2019இல்தான். வேறொரு கொலைக்காக அவன் ஏற்கெனவே சிறையில் இருந்தான். பெயர்ப் பட்டியல் ஓடும் முன் நிறுத்திவிடாதீர்கள், அந்தக் கண்ணில் கடைசி நொடிவரை மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது.

*

வசூல் பற்றிப் பேசுபவர்களுக்கு: கொரியாவில் வெற்றியைப் பணத்தால் அளப்பதைவிடத் தலை எண்ணித்தான் அளப்பார்கள். கொரியத் திரைப்பட மன்றம் நடத்தும் கோபிஸ் தளத்தில் படவாரியாகக் கணக்கு இருக்கிறது. ஒரு கோடிப் பார்வையாளர்தான் பெரிய எல்லைக்கோடு. இவர் முன்னணியில் நின்று அதைத் தாண்டியவை 'தி ஹோஸ்ட்' (சுமார் 1.3 கோடி), 'தி அட்டர்னி', 'எ டாக்ஸி டிரைவர்', 'பாரசைட்'. 2013இல் மட்டும் 'ஸ்னோபியர்சர்', 'தி ஃபேஸ் ரீடர்', 'தி அட்டர்னி' என்று மூன்று பெரிய வெற்றி.

சறுக்கல்களும் உண்டு. 'தி டிரக் கிங்' (2018) 20 லட்சத்தைத் தொடவில்லை. செஜோங் மன்னராக நடித்த 'தி கிங்ஸ் லெட்டர்ஸ்' (2019) ஹங்குல் எனும் கொரிய எழுத்தை உருவாக்கியதில் ஒரு துறவிக்குப் பெரிய பங்கு கொடுத்ததால் வரலாற்றுச் சர்ச்சையில் சிக்கியது. 'காப்வெப்' (2023) இன்னும் மோசம். என் கணிப்பு: இவர் முதலில் நமக்குப் பழகிய சாதாரண ஆளாக வந்து, பிறகு மாறும்போதுதான் கூட்டம் கூடவே வருகிறது. 'டிரக் கிங்'கில் போதை வியாபாரியாக ஆரம்பத்திலிருந்தே உச்ச வேகம், பார்ப்பவருக்குப் பிடிக்கக் கிளை இல்லை.

*

பிரான்சின் கான் திரைப்பட விழா விருது (2022) 'ப்ரோக்கர்' படத்துக்கு. அங்கே சிறந்த நடிகர் பரிசு பெற்ற முதல் கொரியர் இவர். ஆனால் விருதை நினைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும், அவ்வளவு அடக்கி வாசித்திருக்கிறார். முதலில் 'சீக்ரெட் சன்ஷைன்' (2007) பாருங்கள். நடிகை ஜோன் டோ-யோன் கான் விருது வாங்கிய படம். இவர் வாகனப் பட்டறைக்காரராகப் பல இடங்களில் பின்னணியில் சும்மா நிற்கிறார். அவரை மட்டும் பார்த்துக்கொண்டே ஒரு முறை ஓட்டுங்கள்.

*

தொடர் பார்ப்பவர்களுக்கு 'அங்கிள் சாம்சிக்' (2024, டிஸ்னி பிளஸ், 16 பாகங்கள்). இத்தனை ஆண்டுகளில் இவருடைய முதல் தொடர். போர்க்காலத்திலும் தன் ஆட்களுக்கு மூன்று வேளைச் சோறு போட்டவர் என்பதால் அந்தப் பெயர். காலம் முன்னும் பின்னும் தாவும். 1960 மார்ச் தேர்தல் மோசடி, ஏப்ரல் எழுச்சி, 1961 மே ராணுவப் புரட்சி, இந்த மூன்றையும் வரிசையாகத் தெரிந்துகொண்டு உட்காருங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் பாகத்திலேயே குழம்பிவிடும்.

*

நேரில் பார்க்க நினைப்பவர்களுக்கு: படம் வெளியாகும் வாரக் கடைசிகளில் நடிகர்கள் அரங்கு அரங்காக வந்து வணக்கம் சொல்வது கொரியாவில் வழக்கம். அந்தக் காட்சிகள் முன்பதிவுச் செயலியில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். படத்துக்கு முன்பா, முடிந்த பின்பா என்று பார்த்து எடுங்கள். சில நிமிடங்கள்தான் நிற்பார்கள், அடுத்த அரங்குக்குப் போக வேண்டும். பூசான் திரைப்பட விழாவில் திறந்தவெளி உரையாடல்கள் நடக்கும், ஹேயுன்டேயில் இருக்கும் பூசான் சினிமா மையத்துக்கு முன்கூட்டியே போய் இடம் பிடிக்க வேண்டும்.