புதுப்பிப்பு: அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ், ஒரே ஆள் எப்படி நடத்தினார்?

போன பதிவில் 1975 ஜூனில் லீ கோல்ட் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய இந்த ரோல்-பிளேயிங் விளையாட்டு (ஆடுபவர்கள் கதாபாத்திரங்களாக மாறி ஆடும் விளையாட்டு) இதழைப் பற்றி எழுதியிருந்தேன். ஒரே ஆள் மாதாமாதம் இவ்வளவு பக்கம் எழுதியிருக்க முடியுமா என்று சிலர் கேட்டீர்கள். தவறு என்னுடையது, அதை வழக்கமான பத்திரிகை போல விவரித்துவிட்டேன்.

அது ஒரு ஏபிஏ (அமெச்சூர் பிரஸ் அசோசியேஷன்). அதாவது ஒவ்வொருவரும் தன் சொந்தக் குட்டி இதழைத் தயார் செய்து அனுப்புவார், லீ கோல்ட் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி அஞ்சலில் அனுப்புவார், அடுத்த மாதம் அதையெல்லாம் படித்துவிட்டு ஒருவருக்கொருவர் பதில் எழுதுவார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அந்தப் பதில்கள்தான். விதிகளை எப்படிப் புரிந்துகொள்வது, யார் எப்படி ஆடுகிறார்கள் என்ற சண்டையெல்லாம் மாதக்கணக்கில் தபாலிலேயே நடந்திருக்கிறது!

தோற்றமும் அப்படித்தான். இதே முறையில் நடந்த ஏபிஏ-எல் என்ற அறிவியல் புனைவு ரசிகர்களின் வார இதழில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்-பிளேயிங் விளையாட்டைப் பற்றிய பேச்சு அளவுக்கு மீறிப் பெருகியதால் அதற்கென்றே தனி இதழ் பிறந்தது. அப்போது அந்த விளையாட்டு வெளிவந்து ஒரு வருடம் சொச்சம்தான் ஆகியிருந்தது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸே ஆரம்ப இதழ்களில் கடிதம் எழுதினார்.

அப்புறம், இன்னொரு விட்டுப்போன விஷயம்: 2025இல் இதழ் நின்றது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், பெரும்பாலும் அதே லீ கோல்ட்.